170 கிலோமீட்டர் வேகம், ஒரே ஒரு இன்னிங்ஸ்: அரோல்டிஸ் சாப்மன்

கேள்வி இது: "உலகத்திலேயே வேகமாகப் பந்து வீசுபவர் கியூபாக்காரர் அரோல்டிஸ் சாப்மன் என்கிறார்கள். அப்படிப்பட்டவரை ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒரே ஒரு இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்குவது ஏன்? வேகத்தைத் தவிர அவரிடம் வேறு என்னதான் இருக்கிறது?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரொம்ப காலத்துக்கு அவரிடம் வேறு பெரிதாக எதுவும் இல்லை. அது போதுமானதாகவும் இருந்தது, போதாமலும் போனது. அவர் கதையில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் அணிக்கு மூன்று அவுட். பந்து வீசுகிறவர் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரை ஸ்டார்ட்டர் என்பார்கள். ஐந்தாறு இன்னிங்ஸ் வீசுவார், தொண்ணூறு நூறு பந்தில் கை தளர்ந்துவிடும், அப்புறம் நான்கைந்து நாள் ஓய்வு. அவருக்குப் பிறகு வருகிறவர்கள் ரிலீவர்கள். மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்ற அடைப்புக்குள் உட்கார்ந்திருப்பார்கள். போன் அடித்தால் எழுந்து கையைச் சூடேற்ற வேண்டும். அவர்களில் கடைசி இன்னிங்ஸுக்கென்றே வைத்திருக்கும் ஆள்தான் குளோசர். அணி ஒன்று முதல் மூன்று ரன் வரை முன்னால் இருக்கும்போது வந்து கடைசி இன்னிங்ஸை வீசி வெற்றியைக் காப்பாற்றிக் கொடுத்தால், அவர் பெயரில் ஒரு 'சேவ்' ஏறும். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் போடுகிறவரை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்ட பிட்சர் அன்றைக்குத் திரும்ப வர முடியாது. அதனால் குளோசரை எப்போது இறக்குவது என்பது மேனேஜருக்கு, அதாவது அணியின் தலைமைப் பயிற்சியாளருக்கு, பெரிய சூதாட்டம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 2016க்கு வரும்போது தேவைப்படும்.

சாப்மன் பிறந்தது 1988 பிப்ரவரி 28, கியூபாவின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒல்கீன் மாகாணத்தில். ஸ்பானிஷ் பேசும் நாட்டில் சாப்மன் என்று ஓர் ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், தந்தை வழித் தாத்தா பாட்டி ஜமைக்காவிலிருந்து கியூபாவுக்குக் குடியேறியவர்கள். அப்பா குத்துச்சண்டைப் பயிற்சியாளர். பையன் முதலில் பிட்சரே இல்லை, ஃபர்ஸ்ட் பேஸில், அதாவது பேட்டர் ஓடிச் சேர வேண்டிய முதல் முனையில், ஃபீல்டராக நின்றுகொண்டிருந்தார். பதினைந்து வயதில் அவர் இடது கையின் பலத்தைப் பார்த்த ஒரு பயிற்சியாளர் மவுண்டில் ஏற்றிவிட்டார். மவுண்ட் என்பது பிட்சர் நின்று வீசும் மண்மேடு. சில வருடங்களில் கியூபாவின் தேசியத் தொடரில் ஒல்கீன் அணிக்காக ஸ்டார்ட்டராக வீசத் தொடங்கினார். வேகம் அப்போதே இருந்தது. பந்து எங்கே போகும் என்பதுதான் அவருக்கும் தெரியாது, அடிக்கிறவருக்கும் தெரியாது.

கியூபாவில் புரட்சிக்குப் பிறகு தொழில்முறை விளையாட்டு ஒழிக்கப்பட்டு, 1962இல் முதல் தேசியத் தொடர் நடந்தது. நாட்டின் மிகச் சிறந்த வீரருக்கும் அரசு கொடுத்தது சொற்பச் சம்பளம்தான். கூப்பிடு தூரத்தில் இருக்கும் அமெரிக்காவில் அதே வேலைக்குக் கோடிக்கணக்கில் டாலர். ரெனே அரோச்சா என்ற பிட்சர் 1991இல் மயாமியில் அணியை விட்டு நழுவினார். அதற்குப் பிறகு இந்த ஓட்டம் நிற்கவேயில்லை. அதிலும் ஒரு சட்டச் சிக்கல். நேராக அமெரிக்காவில் கால் வைத்தால், அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் போட்டுவிடுவார்கள். அதில் எந்த அணி பெயரைச் சொல்கிறதோ அதோடுதான் பேச முடியும், விலையும் ஏறாது. வேறொரு நாட்டில் குடியுரிமையோ வசிப்புரிமையோ வாங்கிவிட்டால் எல்லா அணிகளோடும் பேரம் பேசலாம். அதனால் கியூபா வீரர்கள் மெக்ஸிகோ, ஹைட்டி, டொமினிக்கன் குடியரசு என்று சுற்றி வளைத்துப் போனார்கள். படகும் கடத்தல்காரர்களும் நிறைந்த வழி அது. பலருடைய கதைகளைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும்.

சாப்மன் முதலில் முயன்றது 2008இல். மாட்டிக்கொண்டார். ரவுல் காஸ்ட்ரோவே நேரில் கூப்பிட்டுப் பேசி, நிபந்தனையோடு மன்னித்ததாகச் சொல்வார்கள். ஆனால் அந்த சீசனின் மிச்சத்தில் ஆட விடவில்லை, பெய்ஜிங் ஒலிம்பிக் அணியிலும் சேர்க்கவில்லை. அடுத்த வருடம் உலக பேஸ்பால் கிளாசிக் தொடருக்கு மறுபடி எடுத்துக்கொண்டார்கள். 2009 மார்ச் 15, சான் டியேகோவின் பெட்கோ பார்க் மைதானத்தில் ஜப்பானுக்கு எதிராக ஸ்டார்ட்டர். எதிரணியில் டைசுகே மட்சுசாகா. சாப்மனின் பந்துகள் மணிக்கு 100 மைலைத் தொட்டன, ஜப்பான் பேட்டர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. பொறுமையாக நின்று, தப்பான பந்துகளை விட்டுவிட்டு, மூன்றாவது இன்னிங்ஸ் முடியும் முன்பே அவரை வெளியே அனுப்பினார்கள். கியூபா 0-6 என்று தோற்றது. பெட்கோ பார்க் என்ற பெயரை மறக்காதீர்கள், அந்த மைதானம் இவரை விடுவதாக இல்லை.

அதே வருடம் ஜூலை 1. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் ஒரு போட்டிக்காகக் கியூபா அணி வந்து இறங்கியிருந்தது. சாப்மன் ஹோட்டலின் முன்வாசல் வழியாக நடந்து வெளியே போனார். தெரிந்தவர் ஒருவர் காரோடு நின்றிருந்தார், ஏறிக்கொண்டார். அவ்வளவுதான். படகு இல்லை, நடுக்கடல் இல்லை. ஆனால் ஊரில் பிறந்து சில நாட்களே ஆன மகள் இருந்தாள், அவளை அவர் இன்னும் பார்க்கவே இல்லை. இந்த மாதிரி ஓட்டங்களுக்கு வட்டி கட்டுவது எப்போதும் வீட்டில் இருப்பவர்கள்தான்.

பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் மலைக்குள் ஒளிந்திருக்கும் அண்டோரா என்ற குட்டி நாட்டில் வசிப்புரிமை வாங்கினார். 2010 ஜனவரியில் சின்சினாட்டி ரெட்ஸ் அணி ஆறு வருடத்துக்கு 3 கோடியே 2.5 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தது. பெரிய செலவாளி என்று பெயர் வாங்காத அணி அது. எல்லோருக்கும் ஆச்சரியம்.

ரெட்ஸ் முதலில் அவரைக் கீழ்நிலை லீகில் லூயிவில் அணிக்கு ஸ்டார்ட்டராக அனுப்பினார்கள். வாக் கொடுத்துக்கொண்டே இருந்தார். வாக் என்றால் நான்கு பந்து தப்பாகப் போனால் பேட்டர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போய்விடுவது. நடுவில் ரிலீவராக மாற்றினார்கள், வேகம் இன்னும் ஏறியது. ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்காவின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீகில் முதல் ஆட்டம். செப்டம்பர் 24 அன்று, அதே பெட்கோ பார்க்கில், டோனி க்வின் ஜூனியருக்கு ஒரு பந்து போட்டார். கருவி 105.1 மைல் காட்டியது. பின்னால் அளவு முறை மாறியபோது அதையே 105.8 என்று திருத்தினார்கள். மணிக்கு 170 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கருவி வைத்து அளக்கத் தொடங்கியபின் மேஜர் லீகில் வீசப்பட்ட மிக வேகமான பந்து அதுதான்.

இந்த எண்ணை நம் கண்ணில் நிறுத்த ஒரு கணக்கு. கிரிக்கெட்டில் ஷோயப் அக்தர் 2003 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக 161.3 போட்டார். அதற்கு அவர் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். பேஸ்பாலில் ஓட்டமே கிடையாது. 60 அடி 6 அங்குலத் தூரத்தில் நின்ற இடத்திலிருந்து ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்து எறிய வேண்டும். கையை மடக்கி எறியலாம் என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனாலும் ஆறு அடி நான்கு அங்குல உயரமுள்ள ஒருவர் கையை விட்டதும், பேட்டருக்கு முடிவெடுக்க அரை நொடிகூடக் கிடைப்பதில்லை.

சரி, இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இப்படிப்பட்டவரை ஏன் ஸ்டார்ட்டர் ஆக்கவில்லை? ரெட்ஸ் முயலவில்லை என்று சொல்ல முடியாது. முயல்வதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2012 வசந்தகாலப் பயிற்சியில் அவரை ஸ்டார்ட்டராகத் தயார் செய்தார்கள். குளோசர் வேலைக்கு எடுத்திருந்த ரயன் மேட்சனுக்கு முழங்கை போனது. சாப்மன் திரும்பவும் புல்பென்னுக்கு. அந்த வருடம் 71 சொச்சம் இன்னிங்ஸில் 122 ஸ்டிரைக் அவுட் (பேட்டர் மூன்று ஸ்டிரைக் வாங்கி வெளியேறுவது), 38 சேவ், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன் 1.51. 2013க்கு மறுபடி அதே பேச்சு. ஜொனாதன் பிராக்ஸ்டனுக்கு மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்து, அவர் குளோசர், சாப்மன் ஸ்டார்ட்டர் என்று திட்டம் போட்டார்கள். மேனேஜர் டஸ்டி பேக்கருக்கு அது பிடிக்கவில்லை. சாப்மனே குளோசராக இருக்கத்தான் ஆசை என்று சொல்லிவிட்டார். திட்டம் அத்தோடு மடிந்தது.

என் கருத்து, அணியின் கணக்கில் அது நஷ்டம்தான். நல்ல ஸ்டார்ட்டர் வருடத்துக்கு 180, 200 இன்னிங்ஸ் வீசுவார், குளோசர் 60, 70தான். மூன்றில் ஒரு பங்கு வேலைக்கு அவ்வளவு பெரிய திறமையை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் சாப்மனின் பக்கமிருந்து பார்த்தால் வேறு மாதிரி. அன்றைக்கு அவரிடம் இருந்தவை இரண்டே வகைப் பந்துகள், நேராக வேகமாக வரும் ஃபாஸ்ட்பாலும் கடைசியில் பக்கவாட்டில் விலகி இறங்கும் ஸ்லைடரும். ஸ்டார்ட்டராக இருந்தால் அதே பேட்டரை ஒரே ஆட்டத்தில் மூன்று தடவை சந்திக்க வேண்டும். மூன்றாவது தடவை அவனுக்கு எல்லாம் பழகியிருக்கும். ஜப்பான்காரர்கள் செய்தது ஞாபகம் இருக்கிறதா? குளோசருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு பேட்டரை ஒரு தடவைதான் பார்ப்பார், முழுப் பலத்தையும் பதினைந்து பந்துக்குள் கொட்டிவிட்டுப் போய்விடலாம். ஸ்டார்ட்டராக நூறு பந்தைக் கணக்குப் பார்த்து வீசியிருந்தால் அந்த 105 வந்திருக்குமா என்பதே சந்தேகம். அவர் முழங்கை இவ்வளவு வருடம் தாக்குப்பிடித்திருக்குமா என்பது அதைவிடப் பெரிய சந்தேகம்.

சின்சினாட்டியில் அவர் ஒரு காட்சிப்பொருள் மாதிரிதான் இருந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் நடந்து வந்தாலே கூட்டம் எழுந்து நிற்கும். எல்லோர் கண்ணும் வேகம் காட்டும் பலகையில்தான் இருக்கும். 2012இல் மில்வாக்கி அணிக்கு எதிராக ஒரு சேவ் முடிந்ததும் மவுண்டிலிருந்து இறங்கி இரண்டு குட்டிக்கரணம் போட்டார். டஸ்டி பேக்கர் ரசிக்கவில்லை.

2014 மார்ச் 19. அரிசோனாவில் ஒரு பயிற்சி ஆட்டம். கேன்சஸ் சிட்டியின் சால்வடார் பெரெஸ் அடித்த பந்து நேராகத் திரும்பி வந்து சாப்மனின் முகத்தில் மோதியது. இடது கண்ணுக்கு மேலேயும் மூக்கிலும் எலும்பு முறிவு. ஆட்டத்தை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்து உலோகத் தகடு வைத்தார்கள். வேறு யாராவது என்றால் அந்த வருடத்தையே கைகழுவியிருப்பார்கள். இவர் மே மாதம் திரும்பி வந்து, 54 இன்னிங்ஸில் 106 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். எதிரில் நின்ற பேட்டர்களில் பாதிக்கு மேல் ஸ்டிரைக் அவுட் ஆனார்கள் என்று அர்த்தம். முந்தைய வருடம் ஆகஸ்டில் தொடங்கி, தொடர்ந்து 49 ஆட்டங்களில் குறைந்தது ஒருவரையாவது ஸ்டிரைக் அவுட் செய்த சாதனையும் அந்த வருடம்தான் முடிந்தது. அதற்கு முன் இருந்த சாதனை புரூஸ் சட்டரின் 39. சாப்மனின் உச்சம் எது என்று கேட்டால் நான் 105 மைலைச் சொல்ல மாட்டேன். மண்டையில் தகடோடு வீசிய அந்த 54 இன்னிங்ஸைத்தான் சொல்வேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. 2015 அக்டோபரில் ஃபுளோரிடாவில் அவர் வீட்டில் நடந்த தகராறில் தன்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதாக அவருடைய துணைவி போலீஸிடம் சொன்னார். சாப்மன் காரேஜில் எட்டு தடவை துப்பாக்கியால் சுட்டதும் அறிக்கையில் வந்தது. வழக்குப் பதிவாகவில்லை. சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றார்கள். தாக்கியதை அவர் மறுத்தார், துப்பாக்கியை எடுத்தது தப்பு என்றார். டாட்ஜர்ஸ் அணி அவரை வாங்கத் தயாராக இருந்தது, செய்தி வந்ததும் பின்வாங்கியது. நியூயார்க் யாங்கீஸ் அந்த டிசம்பரிலேயே குறைந்த விலைக்கு அள்ளிக்கொண்டது. மேஜர் லீக் தன் புதிய குடும்ப வன்முறை விதியின் கீழ் 30 ஆட்டத் தடை போட்டது. அந்த விதியில் தண்டிக்கப்பட்ட முதல் ஆள் இவர்தான். யாங்கீஸ் செய்தது சாமர்த்தியம் என்று அன்றைக்குப் பலர் மெச்சினார்கள். எனக்கு அது இன்றும் கூசுகிறது. அவர் வீசுவதைப் பார்த்து வாய்பிளக்கும்போதும் இது மனதின் ஓரத்தில் இருந்துகொண்டுதான் இருக்கும்.

2016 ஜூலையில் யாங்கீஸ் அவரைச் சிகாகோ கப்ஸுக்கு விற்றது. பதிலுக்குக் கிடைத்த நால்வரில் ஒருவர் க்ளேபர் டோரெஸ். அவர் பின்னால் யாங்கீஸின் நட்சத்திரம் ஆனார். அந்த டிசம்பரிலேயே சாப்மனை ஐந்து வருடத்துக்கு 8 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்துத் திரும்பவும் எடுத்துக்கொண்டது யாங்கீஸ், ரிலீவர் ஒருவருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. பொருளை வாடகைக்கு விட்டுவிட்டு, வாடகையாக ஒரு வீட்டையே வாங்கிய கதை.

அந்த இடைப்பட்ட மூன்று மாதம்தான் சாப்மனை எல்லோருக்கும் தெரிந்தவர் ஆக்கியது. மேஜர் லீகின் இறுதித் தொடருக்குத்தான் உலகத் தொடர் என்று பெயர். கப்ஸ் அதைக் கடைசியாக வென்றது 1908இல். 108 வருடக் காத்திருப்பு. கிளீவ்லாந்துக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரில் 1-3 என்று பின்தங்கியிருந்தார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் மேனேஜர் ஜோ மேடன் சாப்மனை ஏழாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார். எட்டு அவுட், 42 பந்து. ஒரு ரன் வித்தியாசத்தில் வென்றார்கள். அது சரியான முடிவு, தோற்றால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். ஆறாவது ஆட்டத்தில் 7-2 என்று முன்னிலை. சாப்மனுக்கு வேலையே இல்லை. அப்போதும் மேடன் இறக்கினார். 9-2 ஆன பிறகும் ஒன்பதாவது இன்னிங்ஸைத் தொடங்க அவரையே அனுப்பினார். மொத்தம் 20 பந்து. ஏன் என்று இன்றைக்கும் சிகாகோக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

விளைவு மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் தெரிந்தது. எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், கப்ஸ் 6-3 முன்னிலை, ஒரு ஆள் பேஸில். சாப்மன் வந்தார். பிராண்டன் கையர் இரண்டாவது பேஸ் வரை ஓடும் அளவுக்கு ஒரு டபுள் அடித்தார், 6-4. அடுத்து ராஜாய் டேவிஸ். மட்டையின் பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பந்தாகத் தட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். சாப்மன் வேகமாகத்தான் போட்டார், ஆனால் நூறைத் தாண்டும் உயிர் அன்றைக்குப் பந்தில் இல்லை. ஏழாவது பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டி விழுந்தது, ஹோம் ரன். 6-6.

இந்தக் காட்சியை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது பலருக்கு நினைவில்லை. அதே சாப்மன் ஒன்பதாவது இன்னிங்ஸுக்குத் திரும்ப வந்தார். கையில் ஒன்றும் மிச்சமில்லை. ஸ்லைடரை நம்பி வீசி, மூன்று பேரையும் வரிசையாக வெளியே அனுப்பினார். ஒரு ரன் விட்டிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். பிறகு மழை, 17 நிமிட இடைவேளை. அந்த நேரத்தில் அவர் அழுதுகொண்டிருந்தார் என்று அணித்தோழர்கள் சொன்னார்கள். பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் இரண்டு ரன் எடுத்து 8-7 என்று வென்றது. கணக்கேட்டில் வெற்றி பெற்ற பிட்சர் என்று பதிவானது சாப்மன் பெயர்தான். ஆறாவது ஆட்டத்தில் தன்னைப் பயன்படுத்திய விதம் சரியில்லை என்று டிசம்பரில் யாங்கீஸோடு ஒப்பந்தம் ஆன பிறகு வெளிப்படையாகவே சொன்னார்.

யாங்கீஸில் ஆறு வருடம். நல்ல வருடங்கள்தான், 2019இல் மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த ரிலீவர் விருதும் வாங்கினார். ஆனால் குளோசருடைய பிழைப்பு அப்படி. நாற்பது ஆட்டத்தைக் காப்பாற்றினால் அது கடமை, ஒன்றை விட்டால் அது சரித்திரம். 2019 அக்டோபர், ஹூஸ்டன், லீக் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். யாங்கீஸ் ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-4 என்று சமன் செய்திருந்தது. ஹோசே அல்டூவேக்கு சாப்மன் ஒரு ஸ்லைடர் போட்டார். அது இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நடுவில் தொங்கியது. ஹோம் ரன், தொடர் முடிந்தது. சாப்மன் மவுண்டில் நின்று சிரித்தார். நம்ப முடியாமல் வந்த சிரிப்பு அது. நியூயார்க் ரசிகர்கள் அந்தச் சிரிப்பை மன்னிக்கவே இல்லை.

அடுத்த வருடம் செப்டம்பரில், டாம்பா பே அணியின் மைக் ப்ரோசோவின் தலையை ஒட்டி 101 மைலில் ஒரு பந்தைப் போட்டார். மூன்று ஆட்டத் தடை கிடைத்தது. ஐந்து வாரம் கழித்து பிளே ஆஃபில் இரண்டு அணிகளும் மோதின. கொரோனா காரணமாக ஆட்டங்கள் பொது மைதானத்தில் நடந்தன. எந்த மைதானம்? பெட்கோ பார்க். தொடரைத் தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டம், 1-1, எட்டாவது இன்னிங்ஸ். ப்ரோசோ பத்து பந்து நின்றார். பத்தாவது, 100 மைல் ஃபாஸ்ட்பால், சுவரைத் தாண்டியது. யாங்கீஸ் வீட்டுக்குப் போனது. கதையாக எழுதினால் மிகை என்று வெட்டிவிடுவார்கள்.

இந்த இரண்டு ஹோம் ரன்களையும் ராஜாய் டேவிஸின் ஹோம் ரன்னோடு சேர்த்துப் பார்த்தால், கேள்வி கேட்டவருக்கு வேண்டிய விடை கிடைத்துவிடும். மேஜர் லீக் பேட்டர்கள் எந்த வேகத்தையும் ஒரு கட்டத்தில் பழகிக்கொள்வார்கள். 2010இல் 100 மைல் என்பது அதிசயம். பத்து வருடத்தில் ஒவ்வொரு புல்பென்னிலும் ஓரிருவர் அதைத் தொட்டார்கள். வேகம் சாதாரணம் ஆகிவிட்டால், பந்து எங்கே போகிறது என்பதுதான் மிச்சம். அது சாப்மனிடம் அதுவரை இருந்ததே இல்லை. 2022இல் மோசமாக வீசி குளோசர் இடத்தை க்ளே ஹோம்ஸிடம் இழந்தார். காலில் குத்திய பச்சையில் சீழ்ப்பிடித்துச் சில வாரம் ஆடவில்லை. பிளே ஆஃபுக்கு முன் கட்டாயப் பயிற்சிக்கு வராமல் இருந்துவிட்டார். அணி அவரை விலக்கி வைத்தது. 34 வயது. இத்தோடு சரி என்றுதான் நானும் நினைத்தேன்.

2023இல் கேன்சஸ் சிட்டி 37.5 லட்சம் டாலருக்கு எடுத்தது. வேகம் திரும்பியது, ஜூன் கடைசியில் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸுக்கு விற்றார்கள். பதிலுக்கு வந்த கோல் ரேகன்ஸ் அடுத்த வருடமே கேன்சஸ் சிட்டியின் முன்னணி ஸ்டார்ட்டர் ஆனார். சாப்மனை விற்றவர்கள் கெட்டதில்லை என்று ஒரு பழமொழியே எழுதலாம். ரேஞ்சர்ஸ் அந்த வருடம் தன் முதல் உலகத் தொடரை வென்றது. சாம்பியன்களுக்குக் கொடுக்கும் மோதிரம் சாப்மனுக்கு இது இரண்டாவது. 2024இல் பிட்ஸ்பர்க்கில் ஆடியபோது, பில்லி வாக்னரைத் தாண்டி, இடது கை ரிலீவர்களில் அதிக ஸ்டிரைக் அவுட் எடுத்தவர் ஆனார். ஆனால் 39 வாக்குகளும் கொடுத்தார்.

2025இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ். 37 வயது. ஏறக்குறைய அதே அளவு இன்னிங்ஸில் வாக் 15ஆகக் குறைந்தது. அதுவரை பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் எங்கே கையுறையை வைத்தாலும் நடுவாக்கில் பலமாக எறிவது என்பதுதான் இவர் வழி. இப்போது குறி பார்த்து எறிய ஆரம்பித்தார். இடையில் கற்றுக்கொண்ட சின்கர், ஸ்ப்ளிட்டர் என்ற கீழே இறங்கும் பந்துகளும் கைகொடுத்தன. 32 சேவ், சராசரி 1.17, மறுபடியும் சிறந்த ரிலீவர் விருது. சீசன் முடியும் முன்பே அடுத்த வருடத்துக்கும் பாஸ்டன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. ஸ்டார்ட்டராக முயன்றபோது கற்றிருக்க வேண்டிய பாடத்தைப் பதினைந்து வருடம் கழித்துக் கற்றுக்கொண்டார். அந்தப் பதினைந்து வருடத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தது அந்த வேகம்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதே வேலையை நாட்டை விட்டு ஓடாமல் செய்யும் கியூபாக்காரரும் உண்டு. பினார் டெல் ரியோவைச் சேர்ந்த ராய்டெல் மார்ட்டினெஸ் வலது கை குளோசர். கியூபா 2013க்குப் பிறகு தன் வீரர்களை வெளிநாட்டு லீகுகளுக்குச் சட்டப்படி அனுப்பத் தொடங்கியது. அந்த வழியில் ஜப்பானுக்குப் போய், சுனிச்சி டிராகன்ஸில் வளர்ந்து, 2024இல் 43 சேவ் எடுத்து, பிறகு யோமியூரி ஜயண்ட்ஸுக்கு மாறினார். ஊருக்குப் போகலாம், கியூபா அணிக்கும் ஆடலாம். அமெரிக்க லீகோடும் இப்படி ஓர் ஒப்பந்தம் 2018 டிசம்பரில் கையெழுத்தானது, நான்கே மாதத்தில் டிரம்ப் அரசு அதை ரத்து செய்தது. சாப்மன் 2016இல் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டார்.

கடைசியாக ஒரு இன்னிங்ஸ். இதை மட்டும் தேடிப் பாருங்கள். 2025 செப்டம்பர் 30, யாங்கீ ஸ்டேடியம், பிளே ஆஃபின் முதல் ஆட்டம். ரெட் சாக்ஸ் 3-1 முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ். தன்னை வீட்டுக்கு அனுப்பிய ஊரில் சாப்மன் மவுண்டில் நிற்கிறார். எடுத்த எடுப்பில் மூன்று பேர் பேஸில் ஏறிவிட்டார்கள், ஒரு அவுட்கூட இல்லை. மைதானமே கத்துகிறது. ஜியான்கார்லோ ஸ்டான்டன் ஸ்டிரைக் அவுட். ஜாஸ் சிஷம் அடித்தது உயரே போய்க் கையில் விழுந்தது. டிரென்ட் கிரிஷம் ஸ்டிரைக் அவுட். ரன் எதுவும் வரவில்லை. பாஸ்டன் அடுத்த இரண்டு ஆட்டத்திலும் தோற்று வெளியேறிவிட்டது, அது வேறு விஷயம்.